பிக்கப்பில் பந்தயத் தண்டு

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

என்னிடம் பயிற்சிக்கு வந்து, இன்று எனக்கே மேலதிகாரியாகிவிட்டவனை குமார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் ஒரகடத்துக்கு ஓட்டி வரும் பிக்கப்பில் டிராக்‌ஷன் பார் மாட்டியிருக்கிறான். பந்தயத்தில் வண்டி சீறிக் கிளம்பும்போது பின் அச்சு துள்ளாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புத் தண்டுகள். அவனுக்கு அதைப் படம் போட்டு விளக்கியவனே நான்தான்.

இன்று மாலை பார்க்கிங்கில் பத்துப் பேர் குனிந்து வேடிக்கை பார்த்தார்கள்.

“லாரி பின்னாடி ஊர்ந்துகிட்டு வர்ற வண்டிக்கு இதெல்லாம் எதுக்குப்பா?” என்றேன்.

“பஸ்ல தூங்கிக்கினு வர்றவருக்கு இன்னா சார் தெரியும்? ஏறுங்க, குன்றத்தூர்ல வுட்டுடறேன்” என்றான் குமார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஏறினேன்.

ஒவ்வொரு வேகத்தடைக்கும் இடுப்பு கழன்றது. ஆனாலும் எங்கள் கம்பெனி பஸ்ஸை முந்தும்போது கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டேன். ஒருத்தரும் போனிலிருந்து தலை நிமிரவில்லை.

நீங்களே சொல்லுங்கள், நம் ரோட்டுக்கு இது தேவையா?

நாளைக் காலையும் வீட்டுக்கே வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆகவே இதை என் பெயர் போடாமலே பதிவிடுகிறேன்.