ஃபிட்டர் வைத்த துளை

எனக்கு வரன் வந்தபோது மாப்பிள்ளை கல்ஃபில் ஃபிட்டர் என்றார்கள். அரம் பிடித்து இரும்பு ராவுகிற ஐ.டி.ஐ. ஃபிட்டர் என்று அப்பா நினைத்துக்கொண்டார். குளச்சலில் மீன் வியாபாரம் செய்யும் சித்தப்பாவுக்கு, வள்ளத்து எஞ்சினைக் கழற்றி மாட்டுகிறவர்தான் ஃபிட்டர். நான் பி.எஸ்சி. படித்தவள் என்பதால் அகராதியைப் பார்த்தேன். 'பொருத்துபவர்' என்று இருந்தது. எதை என்று இல்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, அவர் பொருத்துவது எண்ணெய்க் குழாய்களை. வெல்டர் பற்றவைப்பதற்கு முன் இரண்டு குழாய்களின் விளிம்பும் பிசகாமல் சேர்ந்து நிற்க வேண்டும். அப்படி நிறுத்துவது அவர் வேலை.

மகள் பிறந்தபோது அவளுடைய வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. கர்ப்பத்தில் நான் என்ன செய்தேன், என்ன செய்யாமல் விட்டேன் என்று மாதம் மாதமாக யோசித்தேன். உங்கள் தவறு எதுவும் இல்லை, சரியாக்கிவிடலாம் என்றார் டாக்டர். வாராவாரம் மாவுக்கட்டு போட்டார்கள். ஒவ்வொரு முறை கட்டைப் பிரிக்கும்போதும் பாதம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திரும்பி வந்தது. கடைசிக் கட்டைப் பிரித்த அன்று, "இனி ஃபிட்டரைப் பாருங்க" என்று சீட்டு எழுதித் தந்தார்.

ஸ்பேனரோடு ஒரு ஆள் இருப்பார் என்று எண்ணிப் போனேன். என்னைவிட இளைய ஒரு பெண் இருந்தாள். கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள். ஒரு கம்பியின் இரு முனைகளிலும் என் விரல் நீளத்தில் இரண்டு ஷூக்கள். வலது ஷூவை வெளியே திருப்பி, திருகாணியை முடுக்கினாள். அதன் பின்பக்கம் ஒரு சிறிய துளை இருந்தது.

"அக்கா, இந்தத் துளை வழியா குதிகால் தெரியணும். தெரியலன்னா கால் உள்ள இறங்கலன்னு அர்த்தம். நாளுக்கு இருபத்திமூணு மணி நேரம் போடணும். ஒழுங்கா போடலன்னா பாதம் பழையபடி திரும்பிரும். பின்ன முதல்ல இருந்து மாவுக்கட்டுதான்."

பத்து நாள் சொன்னபடி செய்தேன். பிறகு கணுக்காலில் சிவப்பாக ஒரு தடம் விழுந்தது. "பச்சப் பிள்ளைக்கு விலங்கு மாட்டி வச்சிருக்கியே" என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஷூவின் நடு வாரை ஒரு ஓட்டை தளர்த்தினேன். மறுநாள் இன்னொன்று. குழந்தை அழுகையைக் குறைத்தாள். நான் நல்லதுதான் செய்கிறேன் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் குதிகாலில் கொப்புளம். பாதமும் ஷூவிலிருந்து நழுவி நழுவி வந்தது. போனில் தேடிப் படித்தேன். நழுவினால் பாதம் திரும்பத் தொடங்கியிருக்கலாம் என்று ஒரு இடத்தில் போட்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கல்ஃபில் அவருக்கு விடுமுறை. வீடியோ காலில் மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். ஷூ வாங்கிய அன்றே துளையைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தேன்.

"ஏட்டி, அந்தத் துளையக் காட்டு."

"என்னத்துக்கு?"

"காட்டு."

போனை ஷூவின் பின்னால் பிடித்தேன்.

"குதி தெரியலியே. வார எத்தன ஓட்ட தளத்துன?"

"ரெண்டு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். "தளந்து கிடந்தா ஆடும். ஆடுனா தேயும். குழாய்னாலும் அப்படித்தான். நாளைக்கே பிள்ளைய ஃபிட்டர்ட்ட கொண்டு போ" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் நானும் மாமியாரும் தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினோம். வழியெல்லாம் ஒரே நினைப்பு: பாதம் திரும்பியிருந்தால் அது என் கையால் திரும்பியது.

அந்தப் பெண் ஷூவைக் கழற்றினாள். பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, கட்டைவிரலால் மெல்ல வெளியே திருப்பினாள். அவள் பார்வை பாதத்தில் இல்லை, எதிர்ச் சுவரில் இருந்தது. விரலுக்குள் எதையோ கேட்பதுபோல நின்றாள். அத்தனை சிறிய எலும்புகள் அவளிடம் என்ன சொல்கின்றன என்று தெரியாமல், நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரு அக்கா தளத்தினது?"

மாமியார் என்னைப் பார்த்தார். "நான்தான்" என்றேன்.

"இறுக்கினா புண்ணு வரும்னு நினைச்சீங்க. தளந்தாதான் வரும். லூஸான செருப்பு போட்டு நடந்தா நம்ம குதி உரியுமில்லா?" பாதத்தை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தாள். "பழையபடி திரும்பல. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா சொல்ல முடியாது."

அவளே எனக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

அப்போது என் போன் அடித்தது. அவர்தான். பாதம் திரும்பவில்லை என்று சொன்னேன். உடனே போனை அந்தப் பெண்ணிடம் காட்டச் சொன்னார்.

"மேடம், ஷூவ எத்தன டிகிரில திருப்பி வச்சிருக்கு?"

"எழுபது அண்ணா."

"எங்களுக்கு குழாய் வளைவுன்னா நாப்பத்தஞ்சு, இல்லன்னா தொண்ணூறு. எழுபது வேணும்னா தொண்ணூற வெட்டித்தான் எடுக்கணும்."

"எங்களுக்கு வெட்ட முடியாதே அண்ணா. பொறுத்துப் பொறுத்துத்தான் எடுக்கணும்."

"ரெண்டு ஃபிட்டரும் சேந்தாச்சு, இனி பேச்சு தீராது" என்றார் மாமியார்.

அவள் கொப்புளத்துக்கு மருந்து வைத்து, மெத்தென்று ஒரு நுரைத் துண்டை ஷூவுக்குள் ஒட்டினாள். கட்டைவிரலால் பாதத்தை அழுத்திக்கொண்டு நடு வாரை இழுத்து மாட்டினாள். உடனே எல்லாவற்றையும் கழற்றி என் பக்கம் தள்ளினாள்.

"இனி நீங்க."

முதலில் நடு வார். அவள் செய்ததுபோல அழுத்தினேன். மகள் அலறினாள். "அழுகையக் கேளாதீங்க, இழுங்க" என்றாள். பழைய ஓட்டைக்கே இழுத்தேன். குழந்தையைத் தூக்கி, ஷூவின் பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

துளைக்குள் பட்டாணி அளவில், இளஞ்சிவப்பாகக் குதிகால் நின்றது.

மகள் அழுகையை நிறுத்திவிட்டு மேலே ஓடும் ஃபேனைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். நான் துளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மாமியார்தான் தோளைத் தொட்டு, தக்கலை பஸ் போயிரும் என்றார்.