உச்சிக்கு ஒரு பிள்ளை

மண்டபம் ஸ்டேஷன் பக்கம் பூமயில் வீடு எது என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூடக் காட்டிவிடும். என் சின்னய்யா வீரையாவின் மகள் அவள், எனக்குத் தங்கச்சி முறை. ஆள் குள்ளம். கூரைக்குக் கீற்று மாற்ற ஆம்பிளைகள் ஏணி தேடிக்கொண்டிருக்கும்போதே இவள் சுவரைப் பிடித்து ஏறி மேலே நிற்பாள். மூன்று பிள்ளை பெற்ற பிறகும் அப்படித்தான். எங்கேயும் ஏறுகிற அந்தக் கால், ஒரு சமயம் ஒரு முதுகில் மட்டும் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

சுதந்திரம் வந்து பத்து வருசம் இருக்கும். சின்னய்யா கடலாடிப் பக்கம் மழை தப்பிப்போய், இராமநாதபுரத்துக்கு வந்து மண்டியில் மூட்டை சுமந்துகொண்டிருந்தார். பூமயில் அஞ்சாம் வகுப்பு. அவள் ஆத்தாளோடு கூடப்பிறந்த தங்கச்சி சேதுலட்சுமியும் அந்த வீட்டிலேயே இருந்து, வயசு பிந்திச் சேர்ந்ததால் எட்டாம் வகுப்புத்தான் படித்தாள். பூமயிலுக்குச் சின்னம்மா. இவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தை பிறந்தால் சேதுலட்சுமிக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

அந்த வருசம் பள்ளிக்கூடத்துக்கு நாகலெட்சுமி என்று ஒரு டிரில் டீச்சர் வந்தார். கழுத்தில் விசில். பெண்பிள்ளைகளை ஒருத்தர் மேல் ஒருத்தர் ஏற்றிக் கோபுரம் கட்டி, மதுரையில் நடக்கிற போட்டிக்குக் கூட்டிப்போகணும் என்பது அவர் ஆசை.

அவர் பிள்ளைகளைப் பிரிக்கிற விதமே தனி. வரிசையாக நிற்கவைத்துத் தோளை அழுத்திப் பார்ப்பார். அசையாதவள் அடிவரிசை. கொஞ்சம் அசைந்து நிமிர்ந்துகொள்கிறவள் நடுவரிசை. உச்சிக்கு மட்டும் வேற சோதனை. பெஞ்சுமேல் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறச்சொல்லி, கீழே பார் என்பார். பார்த்துவிட்டுச் சிரிக்கிற பிள்ளை எதுவோ அதுதான் உச்சிக்கு. மிச்சமெல்லாம் கோலாட்டம். கோலாட்டம் பள்ளிக்கூட விழாவோடு சரி. கோபுரத்துப் பிள்ளைகளுக்குத்தான் மதுரை, ரயில் எல்லாம்.

ஒரு தாயார் சண்டைக்கே வந்துவிட்டார். “எம் பிள்ளைய அடியில போட்டு ஊரார் பிள்ளைய மேல ஏத்துறீகளோ?”

“உங்க பிள்ளை கொஞ்சம் அசைஞ்சா எல்லாப் பிள்ளையும் மண்ணுலம்மா. அதான் அவளை அங்க வச்சிருக்கேன்” என்றார் டீச்சர். அந்தம்மா யோசித்துவிட்டுப் பெருமையாகத் திரும்பிப் போனார்.

ஸ்டூல் மேல் நின்று சிரித்தவர்கள் ரெண்டே பேர். பூமயில் ஒருத்தி. இன்னொருத்தி அவள் வகுப்பு நஃபீசா. முதலில் பூமயிலை உச்சிக்கு வைத்தார்கள். கீழே நாலு பேர் கையும் முட்டியும் ஊன்றி மண்ணில் நிற்க, அவர்கள் முதுகில் மூணு பேர், அதுக்கு மேல் ரெண்டு பேர். அந்த ரெண்டு பேர் யாரென்றால், சேதுலட்சுமியும் நஃபீசாவின் அக்கா உம்மு ஹபீபாவும். பூமயில் பின்பக்கமாக ஏறி, ஆளுக்கொரு முதுகில் ஒரு கால் வைத்து நிமிர்ந்து கையை விரிக்கணும்.

ஏறுவதெல்லாம் அணில் மாதிரிதான் ஏறினாள். ஆனால் ஒவ்வொரு முதுகிலும் கால் வைத்ததும், அந்த முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்தவர் மேல் கால் பட்டால் அப்படித்தானே செய்வோம், நடக்கிற வயசிலிருந்து பழக்கிவிட்டதாச்சே. இங்கே ஒரு கையை எடுத்தால் உடம்பு ஒருபக்கம் சாயும். கோபுரமே ஆடும்.

“ஏண்டி, எங்க முதுகென்ன தர்கா வாசப்படியா, தொட்டுத் தொட்டு ஏறுறே? சீக்கிரம் ஏறு, முட்டி நோவுது!” என்று கத்தினாள் உம்மு ஹபீபா.

டீச்சர் அதட்டினார். பூமயில் பல்லைக் கடித்துக்கொண்டு மற்ற முதுகுகளைக் கும்பிடாமல் தாண்டப் பழகிவிட்டாள். சின்னம்மா முதுகு வந்ததும் கால் அந்தரத்தில் நின்றுவிடும். வைத்தால் கை தன்னால் கண்ணுக்குப் போகும். பெற்றவளுக்குச் சமானமில்லையா?

டீச்சர் கடைசியாகச் சொல்லிவிட்டார். “வெள்ளிக்கிழமை முடிவு பண்ணிருவேன். அன்னைக்கும் கையை எடுத்தா நீ கோலாட்டம். நஃபீசா உச்சிக்கு.”

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பூமயில் அழுதாள். தை மாசத்துக்கு அப்புறம் சின்னம்மா வேற ஊர். அதுக்குள் சின்னம்மாவோடு ரயிலேறி ஒரு ஊருக்குப் போய்வரணும் என்பதுதான் அவளுக்குள் கிடந்த ஆசை.

நஃபீசா கூடவே வந்தாள். “அழுவாதடி. என்னை மேல ஏத்துனா நான் வேணும்னே விழுந்துர்றேன்.”

“போடி இவளே! விழுந்தா கை ஒடிஞ்சிரும்” என்றாள் பூமயில், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

வியாழக்கிழமை பொழுதுசாய சின்னய்யா மண்டியிலிருந்து வந்து தரையில் குப்புறப் படுத்தார். “பூமயிலு, வா தாயி, செத்த மிதிச்சு விடு.” அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகில் ஏறி, குதிகாலால் அழுத்தி மேலும் கீழும் நடந்தாள். அன்றாடம் நடப்பதுதான். மிதித்து முடித்து இறங்கி, கொல்லைப்பக்கம் போகத் திரும்பினாள்.

சேதுலட்சுமி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். “ஏ புள்ள, அய்யா முதுகுல அம்புட்டு நேரம் நடந்தியே, தொட்டுக் கும்பிட்டியா?”

“அது வலிக்கு மிதிக்கிறது சின்னம்மா. அதுக்கு ஆராச்சும் கும்பிடுவாகளா?”

“கும்பிட்டா வலி போயிருமாக்கும்?” என்று சின்னய்யா தரையில் கிடந்தபடியே சிரித்தார். சேதுலட்சுமி அவர் முதுகையும் பூமயில் காலையும் பார்த்தாள். மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடமே கூடி நின்றது. நஃபீசா ஓரமாகப் பாவாடையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். விசில் ஊதியதும் பூமயில் ஏறினாள். ஒரு முதுகு, அடுத்த முதுகு, உம்மு ஹபீபா முதுகு. சின்னம்மாவிடம் வந்ததும் கால் நின்றது.

சேதுலட்சுமி தலையைக் குனிந்தபடியே மெதுவாகச் சொன்னாள். “ஏ புள்ள, காலையிலருந்து முதுகு விட்டுப்போகுது. கொஞ்சம் மிதிச்சு விடு.”

“நெசமாவா சின்னம்மா?”

“நெசந்தேன். வாரம் பூராக் குனிஞ்சு நின்னா வலிக்காதா?”

பக்கத்தில் இருந்த உம்மு ஹபீபாவுக்கு விளங்கிவிட்டது. இவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், தங்கச்சிக்கு மதுரை. ஆனாலும் சொன்னாள்: “எனக்குந்தான்டி வலிக்குது. ஒங்க சின்னம்மாவ மட்டும் கவனிக்கிறே. எனக்கும் அழுத்தி மிதி.”

பூமயில் காலை வைத்தாள். வைத்தவள் சும்மா நிற்கவில்லை. வலி என்று சொல்லிவிட்டார்களே என்று குதிகாலால் ரெண்டு முதுகையும் மாறிமாறி அழுத்தத் தொடங்கிவிட்டாள். கோபுரம் தொட்டில் மாதிரி ஆடியது.

“ஆட்டாதே! நில்லு, நில்லு!” என்று டீச்சர் ஓடிவந்தார்.

பூமயில் நின்றாள். கையை விரித்தாள். டீச்சர் சத்தமாக எண்ணி முடிக்கும்வரை கை கண்ணுக்குப் போகவே இல்லை.

“உச்சிக்குப் பூமயில்” என்றார் டீச்சர். நஃபீசா போய்க் கோலாட்டக் குச்சியை எடுத்துக்கொண்டாள். பூமயிலுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. உம்மு ஹபீபா இறங்கிப் பாவாடையை உதறிவிட்டாள். “அவ அழுதா நான் பாத்துக்கிறேன். நீ மதுரையில விழுந்து வச்சு எம் மானத்தை வாங்காதே.”

விழவில்லை. மதுரையில் பரிசும் கிடைக்கவில்லை. வேறு ஊர்ப் பிள்ளைகள் இன்னும் ஒரு வரிசை கூடுதலாக ஏறி நின்று வாங்கிப்போய்விட்டார்கள். அதைப் பற்றி யாருக்கும் பெரிய வருத்தமில்லை.

இறங்கியபிறகு நடந்ததுதான் சேதுலட்சுமி எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. பிள்ளைகள் கிணற்றடியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்களாம். பூமயில் ஒவ்வொருத்தி பின்னாலும் போய், முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தாளாம். ஏறும்போது விட்டதையெல்லாம் அங்கே தீர்த்தாள். உம்மு ஹபீபா தொடவிட்டு, இவள் முகத்தில் தண்ணீர் அடித்தாள். கடைசியாகச் சேதுலட்சுமி முதுகில் அந்தச் சின்னக் கை பட்டது.

சேதுலட்சுமி திரும்பவில்லை.

“அங்கன இல்ல புள்ள,” என்றாள். “இன்னுங் கொஞ்சம் கீழே. அங்கனதான் வலி.”