அத்தைக்காகக் கட்டிய பிளைவுட் அறை

அத்தைக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை முடிந்து, சில மாதங்களுக்கு உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த சமயத்தில்தான் அவள் தங்கைக்குக் கொற்கையில் கல்யாணம் வந்தது. அத்தை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாமா என் அம்மாவின் தம்பி. பேட்டையில் எங்களுக்கு அடுத்த வீடு. வாழைத்தார் ஏற்றும் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மறுநாளே லாரியின் பின்பக்கத்தில் பிளைவுட்டால் ஓர் அறை எழுப்பத் தொடங்கிவிட்டார். அத்தை படுத்தபடியே கல்யாணத்துக்குப் போக வேண்டும்.

ஐப்பசி மாதம். அறையைக் கட்டியதைவிட அதற்குள் தண்ணீர் புகாமல் செய்ததுதான் பெரிய வேலையாக இருந்தது. பலகைகள் சேரும் இடமெல்லாம் லப்பம் திணித்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மேலே எனாமல் பெயிண்ட் அடித்தார். கூரைக்குத் தார் பூசிய விரிப்பு. உள்ளே என்ன நிறம் வேண்டும் என்று ஜன்னல் வழியாக அத்தையிடம் கேட்டார்.

"வெள்ள மட்டும் வேண்டாம். ஆசுபத்திரி மாரி இருக்கும்."

மஞ்சள் அடித்தார்.

சோதித்துப் பார்க்கும் வேலை எனக்கு. ஒன்பது வயதுக்கு அது பெரிய பதவி. அத்தை மாதிரியே நான் உள்ளே மல்லாந்து படுத்துக்கொள்ள, மாமா கூரைமேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்.

"ஏட்டி, எங்கனயாவது ஒழுவுதா?"

முதல் தடவை என் மூக்கிலேயே விழுந்தது. அந்த இடத்தைச் சுரண்டி மறுபடி அடைத்தார். அடுத்த முறை ஒரு சொட்டு இல்லை. மாமா உள்ளே வந்து என் பக்கத்தில் படுத்து, வெகுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கிளம்பினோம். அத்தைக்குத் துணையாக உள்ளே நான் மட்டும். ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஓடுகிற வண்டியில் மழை பக்கவாட்டில் அறையும் என்பதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. அத்தையின் தோளுக்கு மேலிருந்த இணைப்பு வழியாகத் தண்ணீர் கோடாக இறங்கியது. மாமாவைக் கூப்பிட முன்பலகையைத் தட்டப் போனேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, சும்மா இரு. அந்தப் பையில சோப்பு இருக்கு, எடு."

அவள் சொன்னபடி சோப்பை இடுக்கில் அழுத்தித் தேய்த்தேன். தண்ணீர் குறைந்ததே தவிர நிற்கவில்லை. நனைந்த தோளைப் போர்வையால் மூடிக்கொண்டு, "மாமாட்ட சொல்லக் கூடாது, என்ன?" என்றாள்.

கல்யாண வீட்டு வாசலில் மாமா கதவைத் திறந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"ஒழுவிச்சா?"

"ஒரு சொட்டு விழல. நான் நல்லாத் தூங்கிட்டேன்."

மாமா என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். அவர் கையை நீட்டி அந்த இணைப்பைத் தடவினார். விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அத்தையின் தோளடியில் பைய நுழைத்துவிட்டு, "தூங்குனியே, அது போதும்" என்றார்.

நாலைந்து பேர் சேர்ந்து, அத்தை படுத்திருந்த பலகையோடு அவளை இறக்கினார்கள். பந்தலுக்குள்ளிருந்து தங்கை ஓடி வந்தாள். அக்காளும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கோ உள்ளூரச் சிரிப்பு. விரலில் சோப்பு வாசனை அடித்தும் கண்டுபிடிக்கத் தெரியவில்லையே என்று, அன்றைக்கு மாமாவை நினைத்துக் கொஞ்சம் பரிதாபப்பட்டேன்.