எல்லாக் கேள்விக்கும் ஆமாம்

அண்ணன் குடல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்த மறுவருடம் எனக்கும் வயிறு கோளாறு செய்ய ஆரம்பித்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பெயர் கூப்பிடும்போதே அடிவயிறு பிசையும். ரப்பர் மரங்களுக்குள் ஓடி ஒதுங்கினால்தான் அடங்கும். எனக்கும் அதே நோய்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு தினமும் பயந்து செத்தேன்.

எங்கள் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரசர் மருந்துக்கு வருகிறவர்களையெல்லாம் வேலைக்கு மட்டம் போட வந்தவர்களாகவே பார்ப்பார். லேசான காய்ச்சலுக்கும் தலை வெடிக்கிறது, ரத்த வாந்தி என்று ஏற்றிச் சொன்னால்தான் மாத்திரை கிடைக்கும். இல்லாவிட்டால் வெள்ளைத் தண்ணி மருந்துதான்.

மனைவி என்னைக் கோலசிலாங்கூர் டவுனில் ஒரு தமிழ் டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். வெளிக்குப் போனதும் வலி குறைகிறதா? வலிக்கிற நாளில் இளகிப் போகிறதா? வயிறு உப்புகிறதா? நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றாள். அதெல்லாம் உண்மைதான்.

"ரத்தம் போகுதா?"

"ஆமா டாக்டர்."

"உடம்பு இளைச்சிருக்கா?"

"ரொம்ப, டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். நான் பார்க்காத ரத்தத்தை இவள் எங்கே பார்த்தாள்? துணி துவைக்கும்போது பார்த்துவிட்டு மறைத்தாளா? அண்ணனிடமும் கடைசிவரை யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

"எப்ப பாத்த?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் டாக்டரிடம், "குழாய் விட்டே பாத்துடுங்க" என்றாள்.

டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு முதலிலிருந்து கேட்டார். இந்த முறை நானே பதில் சொன்னேன். ரத்தம் போனதில்லை. இளைக்கவில்லை. வலி என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பியதும் இல்லை.

"இது எரிச்சல் குடல். உங்க குடலு ரோஷக்காரக் குடலு, பயந்தா இன்னும் முறுக்கும். அண்ணன் கதை இருக்கறதால ரத்தம் மட்டும் டெஸ்ட் பண்ணிக்கலாம். எனக்கு இது புற்றாத் தெரியல."

வெறும் கேள்வியிலேயே அவர் கண்டுபிடித்ததை என்னால் பாதிதான் நம்ப முடிந்தது. வெளியே வந்ததும் மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

"ஏன் பொய் சொன்ன? எனக்கு உயிரே போயிடுச்சு!"

"உங்க அண்ணன் டிரசர்கிட்ட லேசா வலிக்குதுன்னு உள்ளதத்தான் சொன்னாரு. நோய் முத்திப் போறவரைக்கும் தண்ணி மருந்துதான் குடுத்தாங்க." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இப்ப நீங்களும் உள்ளதச் சொல்லிட்டீங்க. எனக்குப் பயமா இருக்குங்க."