ஊசிக்குப் பூக்கட்டிப் பார்த்தோம்

ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, அரியலூர் டாக்டரம்மா என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசினார். வயிறு என்னுடையது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"குழந்தைக்கு மூளை வளர்ச்சி கொறைவா இருக்க வாய்ப்பு கொஞ்சம் கூடுதலாத் தெரியுது. வாய்ப்புதான்."

"அப்ப இருக்கா, இல்லியா மேடம்?" என்றார் இவர்.

"அது இதுல தெரியாது. வயித்துல ஊசி போட்டு, குழந்தையச் சுத்தி இருக்குற தண்ணிய எடுத்துப் பாக்கணும். அதுக்குத் திருச்சி போகணும். ஊசியால கரு கலையவும் சின்ன வாய்ப்பு இருக்கு. பேசி முடிவு பண்ணுங்க, ரொம்பத் தள்ளாதீங்க."

மூன்றாம் மாதமே வந்திருந்தால் ஸ்கேனையும் சேர்த்துப் பார்த்து நிதானமாக யோசித்திருக்கலாமாம். எங்கே வருவது? முதல் கரு கலைந்ததிலிருந்து என் மாமியாருக்குப் பயம். இந்த முறை மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது, ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது, கண்ணுபட்டுவிடும் என்று வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டார்.

பெரம்பலூர் பஸ்ஸில் திரும்பும்போது இவர் சொன்னார்: "நீ என்ன சொல்றியோ அதான்." நல்ல மனிதர்தான். ஆனாலும் ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. ஊசி போட்டு நல்ல பிள்ளை கலைந்தால் நான் சொன்னது. போடாமல் விட்டு ஏதாவது ஆனாலும் நான் சொன்னதுதான். அம்மாவுக்குப் போன் போட்டால், "அத்தை சொல்றபடி கேளுடி" என்று வைத்துவிட்டாள்.

அத்தை சொன்னது இதுதான்: "சாமிகிட்டயே கேட்டுருவோம்."

வெள்ளிக்கிழமை குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். எங்கள் பக்கம் பெண் பார்க்கவும் கிணறு வெட்டவும் இப்படித்தான் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. பூசாரி இரண்டையும் தனித்தனியாக இலையில் பொதிந்து, குலுக்கிச் சாமி முன்னால் போட்டார். வெள்ளை வந்தால் ஊசி வேண்டாம், சிவப்பு வந்தால் திருச்சி.

"நீயே எடு ஆயி" என்றார் மாமியார்.

ஒன்றை எடுத்தேன். பிரித்தால் வெள்ளை.

மாமியார் அழுதுகொண்டே என் நெற்றியில் விபூதியைப் பூசினார். "அப்பாடா, சாமியே சொல்லிருச்சு" என்றார் இவர். எனக்கும் ஒரு நிமிடம் நெஞ்சு லேசானது, பொய் சொல்வானேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"ஏன் அத்த, ஊசி வேண்டாம்னுதானே சாமி சொல்லிருக்கு? பிள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லலியே?"

"அடி வாயக் கழுவு" என்று சீறினார். சற்று நேரம் கழித்து, இவருக்குக் கேட்காமல் என் காதருகே வந்து சொன்னார்: "அத எப்பிடி ஆயி கேக்குறது? செவப்பு வந்துட்டா என்ன பண்றது?"

அந்த அம்மாளிடம் அதற்கு மேல் என்னத்தைக் கோபப்படுவது! அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆட்டோவில் திரும்பும்போது வயிற்றுக்குள் முதல்முறையாக ஏதோ லேசாகப் புரண்டது. ஐயோ, என் பிள்ளை. பக்கத்தில் இருந்த இரண்டு பேரிடமும் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் முகமெல்லாம் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. வயிற்றின் மேல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.