மேல்மாடியில் படித்த ஒரே நாவல்

மாதம் முடிந்ததும், அந்த மாதம் படித்த புத்தகங்களை அடுக்கி வைத்துப் படம் எடுத்துப் போடுவது என் நண்பர்களின் பழக்கம். அது எனக்கும் வந்துவிட்டது. இப்போது ஒரகடத்தில் வேலை. கம்பெனி வண்டியில் போகும்போதும் வரும்போதும்தான் படிக்கிறேன். எந்த மாதம் எதைப் படித்தேன் என்பது படத்தைத் திறந்து பார்த்தால்தான் நினைவுக்கு வருகிறது. படமே இல்லாமல் நினைவில் நிற்பது ஒரு மாதம்தான். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மேல்மாடியில் வேலை பார்த்தபோது வந்த மார்கழி அது. அந்த மாதம் நான் படித்தது ஒரே ஒரு நாவல்.

அந்தக் கடையில் மேல்மாடி முழுக்க முகூர்த்தப் பட்டு. மார்கழியில் கல்யாணம் இல்லை, அதனால் மேலே ஏறி வர ஆளும் இல்லை. கோயில் சுற்ற வேனில் வருகிறவர்கள் கீழ்த்தளத்தோடு திரும்பிவிடுவார்கள். அந்த மாதத்தில்தான் எங்களுக்கு மடிப்பு மாற்றும் வேலை. ஒரே மடிப்பில் பல மாதம் கிடந்தால் அந்த இடத்தில் ஜரிகை ஒடிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு புடவையாக வெள்ளை மெத்தை மேல் பிரித்து, பழைய கோடு விழாதபடி வேறு மடிப்பாக மடித்து அடுக்க வேண்டும். மேலே இருந்தது இரண்டே பேர். நானும், அங்கே வெகுகாலமாக விற்பனையில் இருந்த ஒருவரும். கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணன். முதலாளிக்குக்கூட.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்தவன் நான்தான். நூலகத்தில் எடுத்த அந்த நாவலோடு முசரவாக்கம் வீட்டுக்குப் போனபோது அம்மா, “இன்னாடா, மறுபடியும் பரிச்சையா?” என்று கேட்டாள். இல்லை, சும்மா படிக்கிறேன் என்றேன். சும்மா படிப்பது என்றால் என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது முழுசாகப் புரிந்திருக்கவில்லை. எந்தப் பக்கத்தைப் படித்தாலும் இதில் என்ன கேள்வி வரும் என்றே மனசு தேடிக்கொண்டிருந்தது. அந்த மார்கழிக்கு நாலைந்து நாவல் முடித்துவிட வேண்டும் என்று திட்டம் வேறு போட்டிருந்தேன்.

அதைக் கெடுத்தவர் அண்ணன். மெத்தையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் உதட்டை அசைத்துப் படிப்பதைப் பார்த்தவர், “உள்ளுக்குள்ளயே முணுமுணுத்துக்கினு இருக்கியே, கொஞ்சம் வெளிய வுடுப்பா. எனக்கும் பொழுது போவும்” என்றார். என் பங்கையும் சேர்த்துத் தானே மடிப்பதாகச் சொன்னார். நான் படித்தேன், அவர் மடித்தார். கேமராவில் இதைப் பார்த்த முதலாளி மேலே வந்து என்ன நடக்கிறது என்று விசாரித்தார், கொஞ்ச நேரம் நின்று கதையும் கேட்டார், வேலை நடப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

கதை ஓர் அப்பாவையும் மகனையும் பற்றியது. சண்டை போட்டுக்கொண்டு மகன் வீட்டை விட்டுப் போகிறான். அவனே திரும்பி வரட்டும் என்று அப்பா இருக்கிறார். அண்ணன் சும்மா கேட்கிறவர் இல்லை. பாத்திரங்களோடு பேரம் பேசுவார். “இந்தாளு ரொம்ப ஏத்தறாம்பா, பேரம் படியாது” என்பார். வரிக்கு வரி நிறுத்தியதில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மகன் பெட்டியோடு கிளம்பும் இடத்தில் அப்பா அவனைத் தடுக்காமல் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் படித்தபோது அண்ணனின் கை நின்றுவிட்டது. அரக்குப் புடவை பாதி மடிப்பில் கிடந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விலை படியாமல் வாடிக்கையாளர் எழுந்தால் கூப்பிடக் கூடாது. தலையைக் குனிந்தபடி புடவையை மெதுவாக மடித்துக்கொண்டிருக்க வேண்டும். கூப்பிட்டால் விலை இறங்கிவிடும். பெரும்பாலும் அவர்களே படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். அதில் அண்ணனை மிஞ்ச ஆள் இல்லை.

அன்றுதான் தன் வீட்டுக் கதையைச் சொன்னார். அவருடைய மகள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூட வேலை பார்த்த, வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அதைச் சொல்ல வந்திருக்கிறாள். அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. கொடியிலிருந்து எடுத்த வேட்டியை மடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போயிருக்கிறாள்.

“வாசக் கேட்டாண்ட போய்த் திரும்பும்னு நெனச்சேம்பா” என்றார். “திரும்பல.”

மகள் இருப்பது செவிலிமேட்டில். டவுன் பஸ்ஸில் போய்விடலாம். குழந்தையும் பிறந்துவிட்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளே தூக்கிக்கொண்டு வருவாள் என்று இவர் இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு அவர் கதையில் குறுக்கே பேசவில்லை. காலையில் மெத்தையைத் தட்டிப் போட்டதும் ஒன்றே ஒன்று கேட்பார். “அந்தாளு கெளம்பினானா?” இன்னும் இல்லைணா என்பேன். நாவலில் இருக்கும் அப்பா முதலில் மகனைத் தேடிக் கிளம்பட்டும், பிறகு பார்க்கலாம் என்று இவர் காத்திருப்பது போல எனக்குப் பட்டது. பயமாக இருந்தது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தேன். அந்த அப்பா கிளம்பவே இல்லை. அவர் காலமான பிறகுதான் மகன் வந்தான்.

மறுநாள் அண்ணன் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்தே எந்தப் புடவையில் மனசு நிற்கிறது என்று சொல்லிவிடுகிறவர் அவர். என் முகத்தைப் பார்த்தார்.

“போவலியா அந்தாளு?”

நான் புத்தகத்தைப் பிரித்தேன். படிக்கட்டுமாணா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையசைத்தார். அன்று முழுக்க இரண்டு பேருமே மடித்தோம்.

அடுத்த நாள் அவர் மதியத்துக்கு மேல்தான் கடைக்கு வந்தார். வந்து உட்கார்ந்ததும், மிச்சத்தைப் படி என்றார். அப்பா இறந்துபோகும் இடத்தையும், மகன் வந்து நிற்கும் இடத்தையும் படித்தேன். கை நிற்காமல் கேட்டார்.

“எழுதுனவருக்குப் பொண்ணு கெடையாது போல” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது.

“போனீங்களாணா?”

“போனேன். பொண்ணு மாடியில காஞ்ச துணிய எடுத்துக்கினு இருந்துது. என்னப் பாத்துச்சு. பாத்துட்டு, குனிஞ்சி அது பாட்டுக்குக் கொயந்தத் துணிய மடிச்சிக்கினே இருக்குது. கூப்புடல.” சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. “எம் பொண்ணாச்சே.”

“அப்புறம்?”

கையில் இருந்த புடவையை மெத்தையில் வைத்தார்.

“தெருவுல நின்னுக்கினு, நாந்தாம்பா கூப்டேன்.”