சளி பிடிக்காத நாள்

அந்தக் காகித ஆலையின் ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு 'மூக்கு அக்கா' என்று பெயர். சம்பளப் பட்டியலில் மட்டும் துப்புரவுப் பணியாளர். அதுவும் கம்பெனி ஆள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆள்.

பெயர் வந்த கதை இதுதான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் மேஜை துடைத்துக்கொண்டிருந்தவள், அடுக்கியிருந்த தாள்களில் ஒன்றைக் காட்டி, "இதுல மட்டும் ஏன் மேடம் நனைஞ்ச சாக்கு வாடை அடிக்குது?" என்று கேட்டுவிட்டாள். மேடம் என்பது வேதியியல் படித்துவிட்டு அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொண்ட பெண். துடைக்க வந்தவள் எதற்கு மூக்கை நுழைக்கிறாய் என்று திட்டு விழும் என்றுதான் இவள் நினைத்தாள். மேடமோ ஐந்து கண்ணாடி ஜாடிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் காகிதத்தை நறுக்கிப் போட்டு ஒரு நாள் முழுக்க மூடி வைத்திருந்தது.

"ஒவ்வொண்ணா திறந்து மோந்து பாருங்க. என்ன தோணுதோ சொல்லுங்க."

ஐந்தையும் சரியாகச் சொன்னாள். வாடை அளக்கும் கருவிக்கே பிடிபடாமல் போன ஒன்றையும் சேர்த்து.

அன்றிலிருந்து ஆறு பேர் கொண்ட மோப்பக் குழுவில் அவளும் ஒருத்தி. மிட்டாய் சுற்றுகிற காகிதம், தேயிலைப் பைக் காகிதம், இதிலெல்லாம் வாடை இருந்தால் தின்கிற பொருளில் ஏறிவிடும். வாடையே இல்லையென்றால் பூஜ்யம், குடலைப் பிரட்டினால் நாலு. சராசரி இரண்டைத் தொட்டால் சரக்கு வெளியே போகக் கூடாது. சோதனை முடிந்ததும் மற்ற ஐந்து பேரும் தங்கள் மேஜைக்குப் போவார்கள், இவள் துடைப்பத்துக்குப் போவாள்.

மூக்கைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. வாசனைச் சோப்பு கூடாது, பவுடர் கூடாது, சோதனை நாளில் வெங்காயம் பூண்டு கூடாது. தையல் வேலை பார்க்கும் புருஷன் சிகரெட்டையே விட்டார். "பொண்டாட்டி சொல்லி விடல, அவ கம்பெனி சொல்லி விட்டேன்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். மகளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"என் கூட படிக்கிறவங்க எல்லாம் சென்ட் போட்டுட்டு வராங்க. நான் கழுவி வச்ச தட்டு மாதிரி போறேன். உன் மூக்கு என்னம்மா, பெரிய சொத்தா?"

"நிரந்தரம் ஆகட்டும்டி, அப்புறம் சொத்துதான்."

இந்தப் பதிலையே ஒன்பது வருஷம் சொன்னாள். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்றார்கள்.

ஒன்பதாம் வருஷம் புதுப் பூச்சுப் போட்ட சாக்லேட் காகிதம் ஒன்று தயாரானது. அந்தத் திட்டத்தைக் காட்டித்தான் ஆராய்ச்சிக்கென்று மூன்று மாடிக் கட்டிடமே எழும்பியிருந்தது. குழு மோந்து பார்த்தது. ஐந்து பேர் ஒன்றும் இரண்டுமாக எழுதினார்கள். இவள் நாலு போட்டாள். கூட்டி வகுத்தால் சரியாக இரண்டு.

"அக்கா, வெளிய போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வந்து இன்னொரு தடவை பாருங்க."

போய் வந்தாள். "நாலுதான் மேடம். பெயின்ட் அடிச்ச ரூமைப் பூட்டி வச்ச மாதிரி இருக்கு."

"இன்னொரு தடவை..."

"நூறு தடவை மோந்தாலும் நாலுதான்."

மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு குரலை இறக்கினாள். "நாளைக்கு லாரி கிளம்பணும்கா. டைரக்டர் சார் என் கழுத்துல உட்கார்ந்திருக்காரு. உங்களுக்கு இன்னிக்குச் சளின்னு எழுதிக்கலாமா? உங்க மார்க்கை மட்டும் எடுத்துட்டா போதும்."

"எனக்கு ஏது மேடம் சளி?"

"நிரந்தரப் பட்டியல்ல உங்க பேரை முதல்ல எழுதி அனுப்பியிருக்கேன். இந்த மாசம் முடிவாகுது. இப்பப் போய்..."

சளி என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டாள். யோசிக்கக்கூட இல்லை. பின்னாளில் அதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

நிரந்தரப் பட்டியல் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்றே தள்ளிப்போனது. மூன்றாவது மாதம் சரக்கு திரும்பி வந்தது. சாக்லேட் வாங்கிய பிள்ளைகள் வாயில் வைத்ததும் துப்பினார்களாம். விசாரணை என்று கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் டைரக்டர், மேடம், ஒப்பந்தக்காரர்.

"சளி இருந்தா குழுவுல உட்காரக் கூடாது. விதி தெரியுமா தெரியாதா?" என்றார் டைரக்டர்.

"தெரியும் சார். எனக்குச் சளியே இல்ல. நான் நாலு போட்டேன்."

"இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"அப்ப அன்னிக்குப் பொய் சொன்னீங்களா, இன்னிக்குப் பொய் சொல்றீங்களா?"

அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். வாசலில் ஒப்பந்தக்காரர் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, "நாளையிலேர்ந்து வேணாம்மா" என்றார்.

வீட்டில் சொன்னபோது புருஷன் தையல் மிஷினை நிறுத்தினார். "அந்தம்மா ஒரு வார்த்தை பேசலையா?"

"பேசினா அவங்க வேலை போயிடும்."

"ஓகோ. உன் வேலைன்னா போனாப் பரவாயில்ல."

மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாலு வார்த்தை கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. ரத்தமும் மருந்தும் பிளீச்சிங் பவுடருமாக எட்டு மணி நேரம். அந்த நெடியில் மூக்கு மரத்துப் போய்விடும் என்று எதிர்பார்த்தாள். பாழாய்ப்போன மூக்கு மரக்கவே இல்லை.

ஒரு வருஷம் கழித்து மேடம் போன் செய்தாள். "புதுக் குழு சரியில்லக்கா. ஒரே ஒரு நாள் வந்து போங்க, தினக்கூலி போட்டுத் தரேன்."

"மானம் ரோஷம் இருக்கா உனக்கு?" என்றார் புருஷன். இருந்தும் போனாள். தன்னைக் கூப்பிடாமல் அவர்களால் முடியவில்லை என்பதில் ஒரு பெருமை இருந்தது. அதற்காக அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டி உள்ளே விட்டார்கள். நாலு ஜாடி. மூன்றாவதைத் திறந்ததும் அதே பெயின்ட் வாடை, இன்னும் மெலிசாக, வேறொரு வாசனைக்கு அடியில் ஒளிந்து. போன தடவை நாலு போட்டதற்குக் கிடைத்ததை நினைத்தாள். பிறகு நாலு ஜாடிக்கும் பூஜ்யம் எழுதினாள்.

மறுபடி மோந்து பாருங்கள் என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. "அப்பாடா! இப்பத்தான் அக்கா உயிரே வந்துச்சு" என்று மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. எங்கேயோ ஒரு பிள்ளை காகிதத்தைப் பிரித்து வாயில் வைக்கப்போகிறது என்பதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. இறங்கித் திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம். இரண்டு நிறுத்தம் வரைக்கும் அப்படித்தான் நினைத்தாள். இறங்கவில்லை.

அந்தக் காகிதம் வெளியே போனதா, திரும்பி வந்ததா, அவளுக்குத் தெரியாது. அதன் பிறகு மேடம் இரண்டு தடவை போன் செய்தாள். இவள் எடுக்கவில்லை.